‘கேக்குது, ஆனா விளங்கேல்லை’: டிவி முன்னால் ஒரு காது வைத்தியம்

‘பிள்ளை, எனக்குக் காது நல்லாக் கேக்குது. இந்த வெள்ளைக்காரர்தான் வாய்க்குள்ள கதைக்கினம்.’

மேற்கு சிட்னியில் செவித்திறன் சோதிக்கும் வேலையில் 15 வருடமாக இருக்கிறேன். இந்த வசனத்தை, சொற்கள் கொஞ்சம் இடம் மாறி, மாதம் ஒருமுறையாவது கேட்டுவிடுகிறேன். சொல்பவர் எழுபதைத் தாண்டிய ஐயாவாக இருப்பார். பக்கத்துக் கதிரையில் அவருடைய மனைவி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி இருப்பார். பின்னால் நிற்கும் மருமகளோ மகளோதான் உண்மைக் காரணத்தைச் சொல்வார்: ‘டிவி சத்தம் தெருவுக்குக் கேக்குது அக்கா.’

அதாவது எங்களிடம் வருகிறவர்களில் பாதிப்பேரைக் கூட்டிக்கொண்டு வருவது காது அல்ல, டிவி. அதனால் அவுஸ்திரேலிய இலவச டிவியைப் பற்றி எனக்கும் சில அபிப்பிராயங்கள் சேர்ந்துவிட்டன. கதை நல்லதா, நடிப்பு நல்லதா என்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதட்டும். நான் காதால் பார்க்கிறவள்.

முதலில் அந்த ஐயா சொன்னதை எடுத்துக்கொள்வோம். அவர் பொய் சொல்லவில்லை. வயதோடு வரும் செவித்திறன் குறைவு எல்லா ஒலியையும் ஒரே அளவில் குறைப்பதில்லை. தடித்த, தாழ்ந்த ஒலிகளை விட்டுவிட்டு, மெல்லிய உயர்ந்த ஒலிகளைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போகும். பேச்சில் சத்தத்தைத் தருவது உயிரொலிகள். அவை தாழ்ந்த பக்கத்தில் இருப்பதால் தப்பிவிடும். சொல்லுக்கு அடையாளம் தருவது மெய்யொலிகள். ஆங்கிலத்தில் ‘ஃபின்’, ‘தின்’, ‘ஸின்’ என்ற மூன்று சொற்களுக்கும் வித்தியாசம் முதல் எழுத்தில் வரும் காற்றுச் சத்தம் மட்டும்தான். அந்தக் காற்று போய்விட்டால் மூன்றும் ஒரே ‘இன்’. ஆகவே யாரோ பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார் என்பது விளங்காது. ‘கேக்குது, ஆனா விளங்கேல்லை’ என்று நம்மவர்கள் சொல்வதை விடச் சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் இந்த நோயை விவரித்ததில்லை.

இதற்குமேல் மொழி வேறு. சின்ன வயதிலிருந்து பழகிய மொழியில் பாதிச்சொல் காதில் விழுந்தாலும் மூளை மீதியை நிரப்பிக்கொள்ளும். அறுபது வயதுக்குப் பிறகு பேரப்பிள்ளைகளைப் பார்க்க இங்கே வந்து, அவுஸ்திரேலியர் மூக்கால் பேசும் ஆங்கிலத்தைக் கேட்கிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. அதனால் வீட்டில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கச் சொல்வேன். எஸ்பிஎஸ் தமிழ் வானொலியில் செய்தி வாசிக்கும்போது வீட்டில் எல்லோருக்கும் வசதியான சத்தத்தில் வையுங்கள். அது தெளிவாக விளங்கி, ஆங்கில டிவி மட்டும் விளங்காவிட்டால் மொழிக்கும் இதில் பங்கு உண்டு. தமிழிலேயே பாதி நழுவினால் காதைச் சோதிக்காமல் இருக்கச் சாட்டு எதுவும் இல்லை. முதலாவது வகையினரும் ஒருமுறை வந்து போவதில் நட்டமில்லை.

சரி, இனி டிவி.

பொதுவாகச் சொன்னால், இரவு ஏழரை மணிக்கு வர்த்தக சானல்களில் வரும் ரியாலிட்டி நிகழ்ச்சிகள் காதுக்கு எதிராகவே எடுக்கப்பட்டவை என்று எனக்குத் தோன்றும். முன்பின் தெரியாதவர்களைக் கல்யாணம் கட்டிவைத்து இரவு விருந்தில் சண்டைபோட விடுகிற வகை. ஒரே மேசையில் எட்டு, பத்துப் பேர் ஒருவர் பேச்சில் மற்றவர் ஏறிப் பேசுவார்கள். அதன் அடியில் ‘டும் டும்’ என்று ஒரு பின்னணி இசை. அந்த டும் டும் தாழ்ந்த ஒலி. ஐயாவுக்கு மிச்சமிருப்பதும் அந்தப் பக்கத்துச் செவிதான். இசை முழுதாகக் கேட்கும், பேச்சு அதற்குள் மூழ்கிவிடும். பழைய வீட்டை உடைத்துக் கட்டுகிற போட்டிகளில் இசைக்குப் பதிலாகத் துளைக்கும் இயந்திரம். வேறு வித்தியாசம் இல்லை.

கமரா பேசுகிறவர் முகத்தில் நிற்கிறதா என்பதும் முக்கியம். நாம் எல்லோரும், நல்ல காதுள்ளவர்களும்கூட, கொஞ்சம் உதட்டைப் பார்த்துத்தான் கேட்கிறோம். இங்கே ஒருவர் பேசும்போது கமரா மற்றவரின் கண்ணீரைக் காட்டிக்கொண்டிருக்கும். நாடகத்துக்கு அது நல்லதாக இருக்கலாம், காதுக்கு இல்லை.

எதிர்ப்பக்கத்தில் நல்லவையும் இருக்கின்றன. அரச ஒளிபரப்பான ஏபிசியின் தோட்ட நிகழ்ச்சி ‘கார்டனிங் அவுஸ்திரேலியா’ 1990 முதல் ஓடுகிறது. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேசுவார், கமராவைப் பார்த்துப் பேசுவார், எதைப் பற்றிப் பேசுகிறாரோ அந்தச் செடி அவர் கையில் இருக்கும். அதை நடத்தும் கொஸ்டாவின் தாடி உதட்டைக் கொஞ்சம் மறைக்கிறது என்பது எனது தொழில்முறை ஆட்சேபம். அதற்கு அவருடைய கைகள் ஈடுகட்டிவிடுகின்றன. எங்கள் ஆட்களுக்கு வேறு ஒரு லாபமும் உண்டு: முருங்கை இந்தக் குளிரில் ஏன் இலை கொட்டுகிறது என்ற கவலை உள்ளவர்கள், கேட்கக் காரணம் உள்ளவர்கள். விளங்கவேண்டும் என்ற ஆசை இருந்தால் காது கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்.

செவன் சானலில் மாலை ஐந்து மணிக்கு வரும் ‘தி சேஸ் அவுஸ்திரேலியா’வையும் நான் பரிந்துரைப்பேன். வினாடிவினா நிகழ்ச்சியைச் சிபாரிசு செய்கிற வைத்தியக்காரி என்று சிரிக்கவேண்டாம். போட்டியாளர் துரத்துபவரை நேருக்கு நேர் சந்திக்கும் சுற்றில் கேள்வியும் மூன்று விடைகளும் திரையில் எழுத்தாக வரும், அதே நேரம் வாசிக்கவும் படும். கண்ணும் காதும் ஒரே சொல்லை ஒன்றாக வாங்கும். புதிதாகக் காதுக்கருவி போட்டவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது கஷ்டம். மெல்போர்னில் நடக்கும் பொக்ஸிங் டே கிரிக்கெட் டெஸ்ட் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஓட்டமும் விக்கெட்டும் திரையிலேயே இருக்கின்றன, வர்ணனை விளங்காவிட்டால் யாருக்கு நட்டம்? சொந்த மண்ணில் அவுஸ்திரேலியா ஆடும் டெஸ்ட், கட்டண டிவிக்குள் மட்டும் போய் மறைந்துவிடாதபடி காக்கும் பட்டியலில் இருக்கிறது. இந்த நாட்டுச் சட்டங்களில் எங்கள் ஐயாமாருக்குப் பிடித்தது அதுவாகத்தான் இருக்கும்.

விளம்பரச் சத்தம். ‘நிகழ்ச்சி கேக்காது, விளம்பரம் வந்தா வீடு அதிரும்’ என்பது அடுத்த பெரிய முறைப்பாடு. இதற்கு ஒழுங்கு இல்லாமல் இல்லை. இலவச டிவி நிலையங்கள் நிகழ்ச்சியையும் விளம்பரத்தையும் ஒரே சராசரி ஒலியளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று துறைக்குள் ஒரு நடைமுறை இருக்கிறது. பிரச்சினை அந்தச் ‘சராசரி’ என்ற சொல்லில். ஒரு துப்பறியும் நாடகத்தில் பத்து நிமிடம் கிசுகிசுப்பு, பிறகு ஒரு துப்பாக்கி வெடி. விளம்பரத்தில் கிசுகிசுப்பு கிடையாது; முப்பது வினாடியும் ஒரே உயரத்தில் அழுத்திப் பிடித்த ஒலி. நாடகத்தின் கிசுகிசுப்பைப் பிடிக்க ஐயா சத்தத்தை 45க்கு ஏற்றி வைத்திருப்பார். அந்த 45இல் தளபாடக் கடை விளம்பரம் வந்து விழும். முதியவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மெல்லிய சத்தம் கேட்காத காதுக்குப் பெரிய சத்தம் சில வேளைகளில் மற்றவர்களைவிட வேகமாக உறைக்கும். ‘கேக்கேல்லை, கேக்கேல்லை’ என்று சொன்னவர் அடுத்த நிமிடம் ‘ஏன் கத்துறாய்?’ என்று கோபிப்பது நடிப்பு அல்ல. வீட்டிலுள்ளவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும்.

புது டிவிகள் தட்டையாகிவிட்டதும் ஒரு காரணம். ஒலிபெருக்கியை முன்னால் வைக்க இடமில்லாததால் அது கீழ்நோக்கியோ சுவரைப் பார்த்தோ பேசுகிறது. அமைப்புகளுக்குள் போனால் ‘பேச்சுத் தெளிவு’ என்ற பொருளில் ஒரு தெரிவு பல டிவிகளில் இருக்கும். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள், காசு இல்லாத வேலை. பிறகு, டிவியிலிருந்து காதுக்கருவிக்கு நேராக ஒலியை அனுப்பும் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அதை வைத்தால் ஐயாவுக்கு ஒரு சத்தம், அறையில் மற்றவர்களுக்கு ஒரு சத்தம். கருவி வாங்கும்போதே கேளுங்கள். வாங்கிய பிறகு கேட்டால் சில மாதிரிகளுக்குப் பொருந்தாது.

இனி நான் மேசையைத் தட்டிச் சொல்ல விரும்பும் விஷயம்: சப்டைட்டில்.

நம்மவர்களுக்கு இதில் ஒரு வெட்கம் இருக்கிறது. சப்டைட்டில் போட்டால் இங்கிலிஷ் தெரியாது என்று மருமகன் நினைப்பார், அல்லது செவிடு என்று பேரப்பிள்ளை சொல்லிவிடும். பேரப்பிள்ளைகளைப் போய்ப் பாருங்கள். போனில் எதைப் பார்த்தாலும் எழுத்தோடுதான் பார்க்கிறார்கள். வெட்கம் எங்கள் தலைமுறையிடம் மட்டும்தான் தங்கியிருக்கிறது.

அனலொக் காலத்தில் இங்கே டெலிடெக்ஸ்ட் 801ஆம் பக்கத்துக்குப் போனால்தான் எழுத்து வரும், அதற்குத் தனி வசதியுள்ள டிவி வேண்டும். இப்போது ரிமோட்டில் ஒரு பொத்தான். சட்டப்படி, பிரதான சானல்கள் காலை 6 மணி முதல் நள்ளிரவு வரை காட்டும் நிகழ்ச்சிகளுக்கு எழுத்து கொடுத்தாக வேண்டும். இசை மட்டும் வருகிற நிகழ்ச்சி, ஆங்கிலம் அல்லாத நிகழ்ச்சி போன்ற சில விலக்குகள் உண்டு. செய்திக்கும் நடப்பு விவகாரத்துக்கும் நள்ளிரவுக்குப் பிறகும் வேண்டும். துணைச் சானல்களில் அந்தக் கட்டாயம் தளர்கிறது. பிரதான சானலில் எழுத்தோடு வந்த நிகழ்ச்சியைத் திரும்பப் போட்டால் மட்டும் எழுத்தும் வரவேண்டும். இந்த விதிகள் ஒளிபரப்புக்கு எழுதப்பட்டவை. அதே நிகழ்ச்சியை அதே நிலையத்தின் செயலியில் பார்க்கும்போது எழுத்து இல்லையென்றால் இந்தச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது. எல்லோரும் செயலிக்கு மாறிக்கொண்டிருக்கிற காலத்தில் இது பெரிய ஓட்டை என்பது என் கருத்து.

நேரடி நிகழ்ச்சியில் எழுத்து சில வினாடி பிந்தித்தான் வரும். சுருக்கெழுத்துக்காரர் ஒருவரோ, கேட்டதைத் திரும்பச் சொல்லிக் கணினிக்கு எழுதவைக்கும் ஒருவரோ அங்கே உட்கார்ந்து வேலை செய்கிறார். அது விளங்கினால் பொறுமை வரும். நம் ஊர்ப் பெயர்கள் அந்த எழுத்தில் படும் பாட்டுக்கு மட்டும் பொறுமை போதாது, நகைச்சுவை உணர்வும் வேண்டும். எழுத்தே வராவிட்டால், அல்லது விளங்காத அளவுக்குப் பிழையாக வந்தால், நிலையத்துக்கு எழுதலாம். எழுத்து விஷயத்தில் நேராக ஒழுங்குமுறை அமைப்பான அக்மாவுக்கும் முறையிடலாம். திகதி, நேரம், சானல், நிகழ்ச்சி இவற்றைக் குறித்து வைத்தால் போதும். நான் ஒருமுறை ஒரு நிலையத்துக்கு எழுதினேன். தொழில்நுட்பக் கோளாறு, மன்னிக்கவும் என்று பதில் வந்தது. அடுத்த கிழமை எழுத்தும் வந்தது. என் கடிதத்தால்தானா என்று தெரியாது, வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

எழுத்து வந்துவிட்டதே என்று காதுச் சோதனையைத் தள்ளிப்போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள்தான் எனக்குக் கவலை. டிவிக்கு எழுத்து வரும், பேத்திக்கு வராது. சத்தம் விளங்காதவர் மெல்ல மெல்லக் கதையிலிருந்து விலகுவார், பிறகு கோயிலுக்குப் போனாலும் மண்டபத்தின் பின்வரிசை. நடுவயதிலிருந்து கவனிக்காமல் விட்ட செவித்திறன் குறைவை, மறதி நோய்க்கான தவிர்க்கக்கூடிய காரணிகளில் ஒன்றாக லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2017 முதல் சொல்லி வருகிறது.

ஓய்வூதியச் சலுகை அட்டை உள்ளவர்களுக்கு அரசின் செவிச்சேவைத் திட்டத்தில் சோதனையும் அடிப்படைக் கருவியும் செலவில்லாமல் கிடைக்கும். பிள்ளைகளோடு இருக்க வந்த பெற்றோரில் பலருக்கு முதியோர் ஓய்வூதியத்துக்குப் பொதுவாகத் தேவையான 10 வருட வதிவு நிறைந்திருக்காது, அட்டையும் இருக்காது. அவர்கள் தங்கள் ஜிபியிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம், ஆரம்பிக்கட்டும். சில வேளை விஷயம் காதுக்குறும்பியோடு முடிந்துவிடும். பஞ்சுக் குச்சியால் மட்டும் நோண்டவேண்டாம், அது குறும்பியை உள்ளே தள்ளும். ஆங்கிலம் தடையென்றால் அரசின் மொழிபெயர்ப்புச் சேவையை 131 450இல் அழைத்துத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். ஒரு காது திடீரென்று, ஒரே நாளில் அடைத்ததுபோல் போனால் அப்பொயின்ட்மென்ட் எடுத்துக் காத்திருக்காதீர்கள். அன்றே வைத்தியரிடம் போங்கள். சில நாள் தாமதமே மருந்து கேட்காமல் போகக் காரணமாகலாம்.

முதலில் சொன்ன ஐயா மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தார். இரண்டு காதிலும் கருவி, டிவியில் எழுத்து, சத்தம் 18. மருமகள் பூரிப்போடு நின்றார். அந்தக் கல்யாண நிகழ்ச்சி இப்போது விளங்குகிறதா என்று கேட்டேன்.

‘எல்லாம் விளங்குது பிள்ளை,’ என்றார். ‘அதுகள் கதைக்கிறதில ஒண்டுமில்லை. சும்மா இவ்வளவு நாளும் காதைக் குடுத்துக்கொண்டு இருந்திருக்கிறன்.’