கார் ஏசி குளிரவில்லையா? காஸ் போடும் முன் பார்க்க வேண்டியவை

சித்திரை பிறந்ததும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பட்டறைகளில் கார் ஏசிக்கு ஒரே மருந்துதான்: "காஸ் கம்மியா இருக்குங்க, போட்டுடலாம்." போட்டதும் கொஞ்ச நாள் நன்றாகக் குளிரும். ஆடிக் காற்று வந்ததும் ஏசியை மறந்துவிடுவோம். அடுத்த சித்திரைக்கு மறுபடி அதே வசனம்.

ஏசி காஸ் பெட்ரோல் போலச் செலவாகும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் அதே காஸ்தான் வருடக்கணக்கில் சுற்றுகிறது. ரப்பர் ஹோஸ்கள் வழியே ஆண்டுக்குச் சில கிராம் முதல் சில பத்து கிராம் வரை ஊறி வெளியேறுவது உண்டு. அதனால் ஐந்தாறு வருடம் ஓடிய வண்டிக்கு ஒருமுறை நிரப்ப வேண்டி வந்தால் அது இயல்பு. வருடா வருடம் நிரப்புகிறீர்கள் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை யாரும் தேடவில்லை என்று அர்த்தம்.

இங்கே ஓடும் கார்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-134ஏ என்ற காஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் கூடினால் அதன் கொதிநிலையும் ஏறும். கேஜில் (அழுத்தமானியில்) 28 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) என்றால் 0 டிகிரி, 97 என்றால் 30 டிகிரி, 133 என்றால் 40, 200 என்றால் சுமார் 55. ஏசி மொத்தமும் இந்த ஒரு உறவை வைத்துத்தான் ஓடுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள கூலிங் காயிலில் அழுத்தத்தை 30 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கினால் திரவம் ஒன்றிரண்டு டிகிரியில் கொதிக்கும். அதற்கு வேண்டிய வெப்பத்தை, கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிலோஜூல் வீதம், காருக்குள் இருக்கும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். அந்த ஆவியை கம்ப்ரஸர் 200 பிஎஸ்ஐக்கு அழுத்தி, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள கண்டன்ஸருக்கு அனுப்புகிறது. அங்கே 55 டிகிரியில் ஆவி மீண்டும் திரவமாகி, வெப்பத்தை வெளியே விடுகிறது. பிறகு ஈரத்தை உறிஞ்சும் டிரையர், அழுத்தத்தை இறக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வ், மறுபடி கூலிங் காயில்.

வெளியே 40 டிகிரி கொளுத்தும்போது, கண்டன்ஸர் அதைவிடச் சூடாக இருந்தால்தான் வெப்பம் வெளியேறும். சுத்தமான கண்டன்ஸருக்கு 15 டிகிரி இடைவெளி போதும். கிரானைட் லாரிகளுக்குப் பின்னால் ஓடி ஓடித் தூசி அப்பிய கண்டன்ஸருக்கு 30 டிகிரி தேவைப்படலாம். அப்போது உள்ளே 70 டிகிரி, கேஜில் 290 பிஎஸ்ஐ. கம்ப்ரஸர் முக்கி முனகும், மைலேஜ் இறங்கும், காற்றோ வெதுவெதுவென்று வரும். காஸ் ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது! இந்த வண்டிக்கு மேலும் காஸ் போடுவது நோயைக் கூட்டுகிற வைத்தியம்.

ஓசூரில் நன்றாகக் குளிர்ந்த வண்டி தர்மபுரிக்கு இறங்கியதும் சோர்ந்துபோவதும் இதனால்தான். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் பாதிதான். இறங்க இறங்க வெயில் சில டிகிரி கூடும். அதுவரை தாக்குப்பிடித்த சிஸ்டத்தின் குறை, வெயில் ஏறும்போதுதான் வெளியே தெரியும். ஆகவே காலை ஏழு மணிக்குப் பார்த்து "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லும் சோதனைக்கு மதிப்பில்லை. மதியம் பாருங்கள்.

கேஜ் மாட்டாமலேயே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு சிறு தெர்மாமீட்டரை நடு வென்டில் செருகுங்கள். கண்ணாடிகள் மூடி, உள்காற்றுச் சுழற்சியில், முழுக் குளிர்ச்சி, ஃபேன் இரண்டாவது வேகம், இன்ஜின் 1500 ஆர்பிஎம், பத்து நிமிடம். வெளியே 35 டிகிரி இருக்கையில் வென்டில் 8 முதல் 12 வந்தால் குறையில்லை. 15-ஐத் தாண்டினால் தேட ஆரம்பிக்கலாம்.

முதலில் காற்றின் வேகம். காற்றே குறைவாக வந்தால் கேபின் ஃபில்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கிளம்பும்போது நன்றாக வந்த காற்று ஒரு மணி நேரத்தில் மெலிந்து, ஏசியை அணைத்து ஃபேனை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டதும் திரும்பினால், கூலிங் காயிலில் ஐஸ் கட்டியிருக்கிறது. அடைத்த ஃபில்டர் அல்லது காயிலின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சார்தான் காரணம். இடப்பக்க மேட் நனைந்திருந்தால் காயிலின் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது. குத்திவிட்டால் போதும்.

அடுத்து பானெட்டைத் திறந்து, கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரஸருக்குத் திரும்பும் தடித்த அலுமினியக் குழாயைத் தொட்டுப் பாருங்கள். பெல்ட்டும் ஃபேனும் பக்கத்திலேயே சுழலும், சட்டைக் கையும் துண்டும் பத்திரம். குழாய் ஜில்லென்று வியர்த்திருந்தும் உள்ளே சூடான காற்று வந்தால் ஏசியில் பழுதே இல்லை. சூடு–குளிர் கலக்கும் உள்கதவோ அதன் மோட்டாரோ சிக்கியிருக்கிறது. இதற்குக் காஸ் நிரப்பிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

குழாய் குளிரவே இல்லையென்றால் கம்ப்ரஸர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்ப்ரஸரைப் பெல்ட் கப்பியோடு இணைக்கும் கிளட்ச் உள்ள மாடலில் ஏசி போட்டதும் 'டக்' என்று சத்தம் வந்து, கப்பியின் முன்தட்டு சேர்ந்து சுழலும். சுழலவில்லை என்றால் ஃபியூஸ், பிறகு ரிலே. அதே எண்ணுள்ள ரிலே ஹாரனுக்கும் இருந்தால் மாற்றி மாட்டிப் பார்க்கலாம். கிளட்ச் காயிலின் தடை பொதுவாக 3 முதல் 5 ஓம். முடிவிலி காட்டினால் காயில் கருகிவிட்டது. தட்டுக்கும் கப்பிக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். தேய்ந்து அகன்றுவிட்டால் குளிர்ந்த நிலையில் பிடிக்கும், காயில் சூடானதும் விட்டுவிடும். அரை மணி நேரம் ஓடிய பிறகு மட்டும் ஏசி நின்றுபோகும் வண்டிகளில் இதை முதலில் சந்தேகியுங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் கிளட்சே கிடையாது. அங்கே 'டக்' சத்தத்தைத் தேட வேண்டாம்.

வண்டி ஓடும்போது குளிர்ந்து, கிருஷ்ணகிரி டோல்கேட் வரிசையில் நின்றதும் சூடாகிறதா? கண்டன்ஸர் ஃபேன். ஏசி போட்டதும் அது சுழல வேண்டும். சந்தேகமிருந்தால் கண்டன்ஸர் மேல் ஒரு குடம் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். வென்ட் வெப்பநிலை சட்டென்று இறங்கினால் குறை ஃபேனிலோ தூசியிலோதான். கழுவும்போது பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் துடுப்புகள் மடங்கிவிடும். சாதாரண ஹோஸ் தண்ணீரால், முடிந்தால் இன்ஜின் பக்கமிருந்து வெளியே தள்ளுங்கள். கண்டன்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் அடையும் குப்பைதான் அதிகம், முன்னாலிருந்து பார்த்தால் அது கண்ணில் படாது.

சேலத்திலிருந்து வருகையில் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் மட்டும் குளிர்ச்சி போகிறது என்பது இன்னொரு புகார். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் சிறிய இன்ஜின் கார்கள் பலவற்றில் கம்ப்யூட்டரே கம்ப்ரஸரைச் சில நொடிகள் துண்டித்துவிடும். அது வடிவமைப்பு, பழுதல்ல. இன்ஜின் சூடு எல்லை மீறினாலும் துண்டிக்கும், அப்போது டெம்பரேச்சர் முள்ளைப் பாருங்கள். முள் நடுவில், கால் மிதமாக, முன்னே லாரி ஊர்கிறது, அப்படியும் சூடு என்றால் பழையபடி ஃபேனும் கண்டன்ஸரும்தான்.

இதற்கெல்லாம் பிறகுதான் கேஜ். வண்டி ஓடாமல் பல மணி நேரம் நிழலில் நின்றபின் லோ (கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாய்), ஹை (கம்ப்ரஸரிலிருந்து கண்டன்ஸருக்குப் போகும் குழாய்) என்ற இரு பக்கமும் ஒரே அழுத்தம் காட்டும். உள்ளே ஒரு சொட்டுத் திரவம் மிச்சமிருக்கும்வரை 30 டிகிரியில் அது 97 பிஎஸ்ஐதான். 500 கிராம் இருந்தாலும் 200 கிராம் இருந்தாலும் மாறாது. நின்ற வண்டியில் கேஜ் மாட்டி "பாதிதான் இருக்கு" என்று சொல்பவரிடம் கவனமாக இருங்கள். ஆனால் அந்த எண் வேறொன்றைக் காட்டிக்கொடுக்கும்: 97-க்கு வெகுவாக மேலே நின்றால் உள்ளே காற்றோ வேறு காஸோ கலந்திருக்கிறது. வீட்டு ஏசியின் ஆர்-22 அதே 30 டிகிரியில் 158 காட்டும்.

இன்ஜின் ஓடும்போது, 35 டிகிரி வெயிலில், லோ பக்கம் 30 முதல் 40, ஹை பக்கம் 180 முதல் 240 இருந்தால் நலம். இரண்டும் தாழ்ந்தால் காஸ் குறைவு. இரண்டும் உயர்ந்தால் காஸ் அதிகம், காற்று கலப்பு, அல்லது கண்டன்ஸர் அடைப்பு. லோ உயர்ந்து ஹை தாழ்ந்து இரண்டும் நெருங்கிவந்தால் கம்ப்ரஸர் தேய்ந்துவிட்டது. லோ பூஜ்யத்தை நோக்கி விழுந்தால் எக்ஸ்பான்ஷன் வால்வ் அடைப்பு. இருபது நிமிடம் குளிர்ந்து, நின்று, சற்றுப் பொறுத்துத் தானாகவே மீண்டும் குளிர்ந்தால், உள்ளே ஈரம் புகுந்து வால்வின் சிறு துளையில் ஐஸ் அடைத்துக் கரைகிறது.

காஸ் குறைவு என்று உறுதியானால் லீக்கைத் தேடுங்கள். காஸோடு எண்ணெயும் கசிவதால், ஓட்டை இருக்கும் இடத்தில் மண் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். ஜாயின்ட்கள், நெடுஞ்சாலையில் கல் பட்ட கண்டன்ஸர், கம்ப்ரஸர் ஷாஃப்ட் சீல், காஸ் ஏற்றும் வால்வ் ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஷாஃப்ட் சீல் எண்ணெய் படாமல் காய்ந்தால் கசியும். மார்கழியிலும் வாரம் பத்து நிமிடம் ஏசி ஓட்டச் சொல்வது அதற்காக. கண்ணுக்குப் படவில்லையென்றால் நைட்ரஜன் 150 பிஎஸ்ஐ ஏற்றிச் சோப்பு நீர் தடவ வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரை ஒருபோதும் மாட்டக் கூடாது, எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

இருக்கும் காஸை மெஷினில் இழுத்து எடுத்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். காற்றில் திறந்துவிட்டால், எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும் பொருள் அது. தெறிக்கும் திரவம் கண்ணில் பட்டால் உறைய வைத்துவிடும். ஓ-ரிங்கைப் புதிதாக, ஏசி எண்ணெய் தடவி மாட்டுங்கள். சிஸ்டம் திறந்தே கிடந்திருந்தால் டிரையரையும் மாற்றுங்கள். கண்டன்ஸர் மாற்றினால் அதில் தங்கிப்போன எண்ணெய்க்கு ஈடாக 20 முதல் 30 மில்லி சேர்க்க வேண்டும். பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களுக்குப் பிஏஜி வகை ஏசி எண்ணெய். மின்சாரத்தில் ஓடும் கம்ப்ரஸருக்கு அதை ஊற்றினால் மின்கசிவு வரும், அதற்கு மின்தடை கூடிய பிஓஇ எண்ணெய் வேண்டும்.

பிறகு வாக்கம், அதாவது பம்ப் வைத்து உள்ளே இருப்பதை இழுத்து வெறுமையாக்குவது. பட்டறைகள் அவசரப்படுவது இங்கேதான். காற்றை இழுப்பதைவிட ஈரத்தை இழுப்பதுதான் முக்கிய வேலை. 30 டிகிரியில் தண்ணீர் கொதித்து ஆவியாக, உள்ளே மிஞ்சும் அழுத்தம் பாதரசக் கணக்கில் ஒண்ணேகால் அங்குலத்துக்குக் கீழே போக வேண்டும். கேஜ் முள் காட்டுவதோ எவ்வளவு இழுத்தாயிற்று என்பதை; கடல் மட்டத்தில் முழு வாக்கம் என்பது 29.9 அங்குலம். 300 மீட்டர் ஏறினால் ஓர் அங்குலம் குறையும். எனவே தர்மபுரியில் முள் 28 சொச்சத்தையும் ஓசூரில் 27-ஐயும் தாண்டாது. தர்மபுரியில் 26-இல் நிறுத்தினால் உள்ளே இன்னும் இரண்டு அங்குலத்துக்கு மேல் மிச்சம், தண்ணீர் போகாது. ஓசூரில் 29 வரவில்லையே என்று பம்பைத் திட்டுவதும் வீண். முள் அடியைத் தொட்டபின் குறைந்தது 30 நிமிடம் ஓடட்டும். வால்வை மூடிப் பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். முள் நகர்ந்தால் லீக் இன்னும் இருக்கிறது.

எவ்வளவு காஸ் என்பது பானெட்டுக்கு அடியில் உள்ள ஸ்டிக்கரில் கிராமில் அச்சிட்டிருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 500. டின்னைத் தராசில் வைத்து, எடை குறைவதைப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். 400 கிராம் கொள்ளும் வண்டியில் 50 கிராம் கூடினாலே ஹை பக்கம் எகிறும். இன்ஜின் ஓடும்போது லோ பக்கம் மட்டும் திறந்து, டின்னை நிமிர்த்தியே பிடிக்க வேண்டும். கவிழ்த்தால் திரவமாகப் போய் கம்ப்ரஸரை உடைக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று எல்பிஜி கலந்த காஸை ஏற்றிக்கொள்ளாதீர்கள். கூலிங் காயில் கசிந்தால் எரியும் வாயு காருக்குள் வந்து சேரும்.

வேலை முடிந்ததும் காஸ் ஏற்றும் வால்வுகளின் இரண்டு பிளாஸ்டிக் மூடிகள் திரும்ப மாட்டப்பட்டனவா என்று பாருங்கள். ரப்பர் வளையம் உள்ள அந்த மூடிதான் கசிவைத் தடுக்கும் கடைசிக் காவல். உள்ளே இருக்கும் சின்ன வால்வ் மட்டும் அதற்குப் போதாது.