கேஸ் வால்வை மூடினால் பருத்தி ஏன் காய்கிறது? நாரின் நதியின் கணக்கு

கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் சண்டையைத் தண்ணீர்த் தகராறு என்று மட்டும் படித்தால் பாதிதான் புரியும். கோடையில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது முந்தைய குளிர்காலத்து கேஸ் பாக்கியிலேயே முடிவாகிவிடுகிறது.

கிர்கிஸ்தான் மலைகளிலிருந்து இறங்கும் நாரின், உஸ்பெகிஸ்தானின் நமங்கான் அருகே கரா தரியாவுடன் சேர்ந்து சிர் தரியாவாகிறது. எல்லைக்கு மேலே, நாரின் மீது 215 மீட்டர் உயரத்தில் நிற்கிறது டோக்டோகுல் அணை. கொள்ளளவு 1,950 கோடி கன மீட்டர். நம் கணக்கில் சுமார் 688 டிஎம்சி, ஏழு மேட்டூருக்கு மேல். அதில் திறந்துவிடக்கூடியது 1,400 கோடிதான். மின்நிலையம் கட்டியபோது 1,200 மெகாவாட்.

சோவியத் காலத்தில் குளிரில் தேக்கி, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை பருத்திக்குத் திறந்தார்கள். பதிலுக்குக் குளிர்காலத்துக்கு உஸ்பெகிஸ்தான், கஜகஸ்தானிலிருந்து நிலக்கரியும் கேஸும் மேலே கிர்கிஸ்தானுக்குப் போயின. 1991-இல் நாடுகள் பிரிந்த பிறகு உஸ்பெக் கேஸுக்கு டாலரில் பில் வந்தது. தண்ணீரைத் தேக்கிவைத்துத் தருவதற்குக் கூலி வரவில்லை. பில் கட்டாவிட்டால் வால்வு மூடும். கிர்கிஸ் வீடுகளில் மின் ஹீட்டரைப் போடுவார்கள்; அந்த மின்சாரத்துக்கு அணையைத் திறக்க வேண்டும்.

டோக்டோகுலில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தோராயமாக 3 கன மீட்டர் தண்ணீர் இறங்க வேண்டும். 1.5 கிலோவாட் ஹீட்டர் ஒன்று பத்து மணி நேரம் ஓடினால் 15 யூனிட், அதாவது 45,000 லிட்டர். (அதே தண்ணீர் கீழே இன்னும் நான்கு மின்நிலையங்களைச் சுழற்றுகிறது என்பதால் முழுப் பழியையும் ஹீட்டர் மேல் போட முடியாது.) ஜனவரியில் இறங்கிய அந்தத் தண்ணீரை ஜூலையில் கேட்டால் எங்கே போவது?

ஜனவரியில் அது வயலுக்கும் உதவாது. கீழே கஜகஸ்தான் பகுதியில் சிர் தரியா உறைந்திருப்பதால் ஆற்றுத் தடம் அவ்வளவு நீரைத் தாங்காது. அங்குள்ள சர்தாரா நீர்த்தேக்கம் நிரம்பி, மிச்சம் அர்னசாய் பள்ளத்துக்குள் போய்ப் பாசனத்துக்குக் கிடைக்காமல் நின்றுவிடும். இதைப் பிடித்துவைக்கவே கஜகஸ்தான் கோக்சராயில் 300 கோடி கன மீட்டர் நீர்த்தேக்கம் கட்டியது.

1998 மார்ச் ஒப்பந்தம் பண்டமாற்றை எழுத்தில் கொண்டுவந்தது. கோடையில் சுமார் 650 கோடி கன மீட்டர் திறப்பு. அதில் கிடைக்கும் உபரி மின்சாரம் 220 கோடி யூனிட்டை உஸ்பெகிஸ்தானும் கஜகஸ்தானும் எடுத்துக்கொண்டு எரிபொருள் தர வேண்டும். அது ஆட்டம் கண்டது மழையால். நல்ல மழை பெய்த ஆண்டில் கீழே தண்ணீர் வேண்டாம், அதனால் மின்சாரமும் வேண்டாம், அதனால் எரிபொருளும் வராது. குளிரோ வழக்கம்போல வரும். அணை மறுபடி காலியாகும். பல ஆண்டுகளுக்குத் தேக்கிவைக்கும் சேவைக்கு விலை போடாததுதான் ஒப்பந்தத்தின் ஓட்டை. போதாததற்கு ஆண்டுதோறும் பேரம் வேறு. பயிர்ப் பருவம் தொடங்கிய பிறகு கையெழுத்தான ஆண்டுகளும் உண்டு.

2014 ஏப்ரலில் ரஷ்ய கேஸ் நிறுவனமான காஸ்ப்ரோம் கிர்கிஸ் எரிவாயு நிறுவனத்தை ஒரு டாலருக்கு வாங்கியது. அதே மாதம் தெற்குக் கிர்கிஸ்தானின் ஓஷ் பகுதிக்கான கேஸை உஸ்பெகிஸ்தான் நிறுத்தியது. திரும்ப வந்தது டிசம்பர் இறுதியில். அதுவரை சமையலே மின் அடுப்புக்கு மாறியிருந்தது.

தண்ணீரால் போரே வரலாம் என்று 2012-இல் எச்சரித்தவர் உஸ்பெகிஸ்தான் அதிபர் கரிமோவ். அவர் 2016-இல் மறைந்த பிறகு அதே நாடு கிர்கிஸ்தான் நாரினில் கட்டும் கம்பராத்தா-1 அணையில் பங்காளியாகிறது. இதற்கு நட்பை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். 1,860 மெகாவாட்டில் திட்டமிட்ட அந்த அணை டோக்டோகுலுக்கு மேலே வருகிறது. குளிரில் அங்கே மின்சாரம் எடுத்தாலும் தண்ணீர் டோக்டோகுலில் விழுந்து தங்கும்; கோடையில் கீழே திறக்கலாம். முதல்முறை நிரப்பும் ஆண்டுகளில் யார் பங்கைக் குறைப்பது என்ற இழுபறி மட்டும் பாக்கி.

இன்னொரு திருப்பம்: 2023 ஜனவரிக் குளிரில் உஸ்பெகிஸ்தானுக்கே கேஸ் போதவில்லை. அக்டோபரிலிருந்து ரஷ்ய கேஸை இறக்குமதி செய்கிறது. வால்வைக் காட்டி மிரட்டும் காலம் அதற்குப் போய்விட்டது. கோடைத் தண்ணீர்த் தேவை மட்டும் அப்படியே இருக்கிறது.