சீனியும் கரைந்தது, ஐஸும் கரைந்தது

வெள்ளவத்தையில் ஒரு மாடி அறையில் பதினேழு வருசமாக இரசாயனவியல் டியூசன் கொடுக்கிறேன். தரம் 10 பிள்ளைகள் வந்து உட்காரும் முதல்நாள் நான் புத்தகத்தைத் திறப்பதில்லை, ஒரு கேள்வி மட்டும் கேட்பேன்: கேத்தலில் தண்ணீர் கொதிக்கும்போது அடியிலிருந்து குமிழ் குமிழாக வருகிறதே, அந்தக் குமிழுக்குள் என்ன இருக்கிறது?

பாதி வகுப்பு "காற்று சேர்" என்று சொல்லும். தண்ணீரின் சூத்திரம் தெரிந்த கெட்டிக்காரப் பிள்ளைகள் "ஐதரசனும் ஒட்சிசனும்" என்பார்கள். ஐதரசனும் ஒட்சிசனும் அப்படிப் பிரிந்து வருவதென்றால், காஸ் அடுப்பில் பிளேன் டீக்குத் தண்ணீர் வைக்கிற வீடு ஒன்றுகூடக் கொழும்பில் மிஞ்சியிருக்காது, எல்லாம் வெடித்திருக்கும். உள்ளே இருப்பது தண்ணீர்தான். அதே மூலக்கூறுகள்தான் ஒன்றையொன்று விட்டு விலகி நிற்கின்றன. ஒரு தேக்கரண்டித் தண்ணீர் முழுவதும் நீராவியானால் ஏறக்குறைய 8 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். மூலக்கூறு ஒன்றுகூடப் பருக்கவில்லை, இடைவெளிதான் கூடியிருக்கிறது.

இதில் பெற்றோருக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பிழையான விடை சொன்ன அதே பிள்ளைகள் விஞ்ஞானத்தில் எண்பதுக்கு மேல் எடுத்தவர்கள். "திணிவுள்ளதும் இடத்தை அடைப்பதும் சடப்பொருள்" என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். வரைவிலக்கணம் வாயில் இருக்கிறது, மனதில் இருக்கிற படம் வேறு. அந்தப் படத்தை யாரும் கேட்டுப் பார்ப்பதில்லை, ரிப்போர்ட்டில் புள்ளியைப் பார்த்துவிட்டு "மகன் நல்லாச் செய்யிறான்" என்று விட்டுவிடுகிறோம், அப்புறம் உயர்தரத்தில் மூல் கணக்கு (அணு, மூலக்கூறுகளை எண்ணும் கணக்கு) வரும்போது பிள்ளை தடுமாறுகிறது.

நம் பேச்சுமொழிக்கும் இதில் கொஞ்சம் பங்கிருக்கிறது. தேத்தண்ணியில் சீனி கரைந்தது என்கிறோம், வெயிலில் ஐஸும் கரைந்தது என்கிறோம். வீட்டில் அப்படிச் சொல்வதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு இரண்டும் ஒரே சங்கதியாகப் பதிந்துவிடுகிறது. ஐஸ் உருகுகிறது: தனியே ஒரு பொருள், திண்மம் திரவமாகிறது. சீனி கரைகிறது: அதன் மூலக்கூறுகள் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு நடுவே போய்க் கலந்து நிற்கின்றன. உப்பை உண்மையாகவே உருக்க 801 பாகை செல்சியசு வேண்டும், ரசப் பானையில் அது நடக்காது. சரி, கரைந்த சீனி எங்கே போனது? "இல்லாமல் போயிட்டுது" என்று எழுதிய விடைத்தாள்கள் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் தேத்தண்ணி எப்படி இனிக்கிறது என்று கேட்டால் சிரிப்பார்கள். வீட்டில் டிஜிற்றல் தராசு இருந்தால், ஒரு கோப்பைத் தண்ணீரையும் பக்கத்தில் இரண்டு கரண்டிச் சீனியையும் சேர்த்து நிறுத்துக் குறித்துவிட்டு, கலக்கிய பிறகும் நிறுக்கச் சொல்லுங்கள். எண் மாறாது. (கலக்கிய கரண்டியை நக்கிவிட்டு "குறையுது சேர்" என்று வந்தவனும் உண்டு.)

வாயுவுக்கு நிறை கிடையாது என்பது அடுத்த பிடிவாதம். அதற்கு நான் காட்டுவது சமையலறைச் சிலிண்டர். பெரிய சிலிண்டரில் 12.5 கிலோ காஸ், வெறும் சிலிண்டரின் நிறை தனியாக அதிலேயே குறித்திருக்கும், மாடிப்படியில் தூக்கிக்கொண்டு வருகிறவரைக் கேட்டால் வாயுவுக்கு நிறை உண்டா இல்லையா என்று அவர் சொல்வார். உள்ளே அது அமுக்கத்தால் பெரும்பாலும் திரவமாகத்தான் இருக்கிறது, அசைத்தால் தளும்புவது தெரியும், வெளியே வரும்போது வாயு. நிலை மாறினாலும் பொருள் அதே பொருள். இன்னொன்று, எங்கள் வகுப்பறை ஏறக்குறைய நான்கு மீற்றருக்கு மூன்று மீற்றர், உயரம் மூன்று. ஒரு கனமீற்றர் காற்று 1.2 கிலோ என்று வைத்துப் பெருக்கினால் அறைக்குள் இருக்கும் காற்றின் திணிவு 40 கிலோவைத் தாண்டுகிறது, அதாவது முன்வரிசையில் இருக்கிற ஒரு பிள்ளையின் அளவு.

அணு என்று வந்தால் நான் செட்டியார் தெருவுக்குப் போய்விடுவேன். தங்கக்கடை தெரியாத கொழும்புத் தமிழ்ப் பிள்ளை கிடையாதே. 24 காரட் என்றால் தங்கம் மட்டும், அது மூலகம். 22 காரட் நகையில் நூற்றுக்கு ஏறக்குறைய 91.6 பங்குதான் தங்கம், மிச்சம் செம்பு போன்றவை, அது கலவை. எட்டுக் கிராம் உள்ள ஒரு 22 காரட் பவுனில் தங்க அணுக்கள் எத்தனை? 2 எழுதிப் பக்கத்தில் 22 பூச்சியம் போட்டால் கிட்டத்தட்டச் சரி. இவ்வளவையும் சொன்ன பிறகு, "ஓர் அணுவைத் தனியே எடுத்தால் அது என்ன நிறம்?" என்று கேட்பேன். "மஞ்சள், மின்னும்!" என்று வகுப்பே கத்தும். இல்லை. நிறமும் மினுக்கமும் கோடானுகோடி அணுக்கள் சேர்ந்து நிற்பதால் வருவது. மைக்கல் பரடே 1857 இல் தங்கத்தை மிக நுண்ணிய துணிக்கைகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டார், தண்ணீர் மாணிக்கச் சிவப்பானது. தனி அணுவுக்கு உருகுநிலையும் கிடையாது, கடினமும் கிடையாது. அதைத் தங்க அணு ஆக்குவது அதன் நடுவே இருக்கும் கருவில் உள்ள 79 புரோத்தன்கள், அவ்வளவுதான். எண்பதானால் பாதரசம்.

அந்தக் கருவைக் கண்டுபிடிக்க உதவியதும் தங்கத்தகடுதான். மன்செஸ்டரில் ரதபோர்டின் ஆய்வுகூடத்தில் அணுவைவிட மிகச் சிறிய அல்பாத் துணிக்கைகளை அதன்மேல் எய்தபோது பெரும்பாலானவை நேரே போய்விட, மிகச் சில திரும்பி வந்தன. 1911 இல் அவர் அதற்கு விளக்கம் சொன்னார்: திணிவு எல்லாம் நடுவே ஒரு சிறு இடத்தில். எவ்வளவு சிறிது? தங்க அணு ஒன்று கெத்தாராம மைதானம் அளவு என்றால் கரு நடுப்பிட்ச்சில் கிடக்கும் ஒரு கடலை. அணுவின் திணிவில் 99.9 வீதத்துக்கு மேல் அந்தக் கடலைக்குள்.

இதெல்லாம் சோதனைக்கு மட்டும் என்று நினைத்திருந்த எனக்கே போன வருசம் ஒரு பாடம் கிடைத்தது. ஒரு மாணவியின் அம்மா, பிளாட்டில் ஜன்னல் இல்லாத குளியலறையைக் கழுவும்போது, நன்றாக வெளுக்கட்டும் என்று பிளீச்சோடு கொமட் கழுவுகிற அமிலத் திரவத்தையும் சேர்த்து ஊற்றியிருக்கிறார். இரண்டையும் கலந்தால் இரண்டின் குணமும் சேரும் என்ற எண்ணம். சேர்ந்து வந்தது குளோரீன் வாயு. 1915 இல் ஈப்பர் போர்க்களத்தில் படையினர்மேல் திறந்துவிட்டார்களே, அதே வாயு. மூச்சுத் திணறி, இருமி இருமி வெளியே வந்ததால் தப்பினார். இவை இரண்டையும் ஒருபோதும் ஒன்றாக ஊற்றாதீர்கள், ஒன்றைப் போட்ட இடத்தை நிறையத் தண்ணீரால் கழுவாமல் மற்றதைத் தொடவும் வேண்டாம். மணம் மூக்கில் ஏறினால் உள்ளே நின்று கழுவி முடிக்கப் பார்க்காமல் வெளியேறுங்கள். குளோரீன் காற்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு பாரமானது, தரையோடு தங்கும், ஆகவே குந்தியிருந்து தேய்க்கிறவருக்குத்தான் முதலில் பிடிக்கும். இருமல் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

அந்தப் பிள்ளை அடுத்த வகுப்புக்கு ஒரு தாளோடு வந்தாள். இரண்டு போத்தல்களிலும் இருந்த அணுக்களைச் சின்னச் சின்ன வட்டமாக வரைந்து, குளோரீனுக்கு மட்டும் பச்சை பூசியிருந்தாள். பிளீச்சின் பக்கம் ஒன்று, அமிலத்தின் பக்கம் இரண்டு. அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் உப்பில் ஒன்று, வாயுவில் இரண்டு. "மூன்றும் மூன்றும் சேர். புதுசா ஒன்றும் வரேல்லை, இடம் மாறி நிக்குது" என்றாள்.