தரையில் நிற்கும் கழுகுக் குஞ்சைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்

ஜூன் கடைசி வந்தால் போதும், இங்கே அமெரிக்காவின் மின்னசோட்டாவில் அட்டைப்பெட்டியும் போர்வையுமாக யாராவது எங்கள் பறவை சிகிச்சை மையத்து வாசலில் நிற்கிறார்கள். இந்த வாரமும் அப்படித்தான், இறக்கை முறிந்த வெண்தலைக் கழுகு என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, ரத்தமும் பார்த்தாயிற்று. அதற்கு ஒரு குறையும் இல்லை, கடத்தப்பட்டதைத் தவிர.

பத்துப் பன்னிரண்டு வாரத்தில் குஞ்சு கூட்டை விட்டுக் கிளம்பும். சில நாள் கிளைக்குக் கிளை தத்தும், அப்புறம் முதல் முறை பறக்கிறேன் என்று பல குஞ்சுகள் தரையில் வந்து இறங்கும். மேலே போகத் தெரியாமல் நாள்கணக்கில் புதரடியில் உட்கார்ந்திருக்கும். தாயும் தகப்பனும் அங்கேயே மீன் கொண்டுவந்து போடும். நீங்கள் பத்தடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தால் எப்படி வரும்? வரவில்லை என்றதும் தாய் கைவிட்டுவிட்டது என்று நீங்களே தீர்ப்பும் சொல்லிவிடுகிறீர்கள்.

உருவமும் ஏமாற்றும். இந்த வயதில் இறகுகள் பெற்றோருடையதைவிட நீளமாக இருப்பதால் பெரிய பறவை போலத் தெரியும், தலை வெளுக்கவோ நாலைந்து வருஷம் ஆகும். இவ்வளவு பெரிய பறவை பறக்கவில்லையே, அப்போது இறக்கை உடைந்திருக்கிறது என்கிறார்கள். உடையவில்லை ஐயா, பழகவில்லை. மனிதர் தொட்டால் பெற்றோர் சேர்க்காது என்பதும் பொய், நாங்கள் திருப்பிவிடும் குஞ்சுகளை அவை ஏற்றுக்கொள்கின்றன. (கழுகு தன் அலகை உடைத்துக்கொண்டு மறுபிறவி எடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதையும் நம்பாதீர்கள். அலகு உடைந்தால் பட்டினிதான்.)

எங்களுக்கு வேலை இல்லாமல் இல்லை. வேட்டைக்காரர்கள் விட்டுப்போகும் மான் குடலோடு தோட்டாவின் ஈயத் துணுக்கை விழுங்கி, தலை தொங்கிப்போய் வரும் கழுகுகள் இருக்கின்றன. ஓர் அரிசி அளவு ஈயம் போதும், கொன்றுவிடும்.

ஆகவே தள்ளி நில்லுங்கள், குறைந்தது 330 அடி. நாயைக் கட்டிவையுங்கள். தண்ணீர் புகட்டவே புகட்டாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். ரத்தம், ஈ மொய்ப்பது, ஓர் இறக்கை மட்டும் தொங்குவது, எழுந்து நிற்க முடியாதது, இதில் ஏதாவது இருந்தால் தூரத்திலிருந்தே படம் எடுத்து முதலில் எங்களைக் கூப்பிடுங்கள். அனுமதியின்றி ஓர் இறகை வைத்திருப்பதே 1940ஆம் ஆண்டுக் கழுகுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், நீங்கள் முழுக் கழுகையே காரில் ஏற்றிக்கொண்டு வருகிறீர்கள்.

ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? சரி, திட்டமாட்டேன். எந்த மரத்தடி என்று மட்டும் துல்லியமாகச் சொல்லுங்கள், அது தெரிந்தால்தான் திருப்பிவிட முடியும். "ஏதோ ஒரு ஏரிக்கரை" என்றால், பத்தாயிரம் ஏரி இருக்கிற மாநிலத்தில் நான் எங்கே போய்த் தேடுவது?