பயிற்சிக்குக் காசு இருக்கிறது, பஸ்ஸுக்கு இல்லை

வன்னியில் எந்தத் தொழிற்பயிற்சித் திட்டத்தின் ஆரம்ப விழாவுக்கும் போய்ப் பாருங்கள், கதிரை போதாது. பதாகை, மங்கள விளக்கு, உதவி வழங்கும் நாட்டின் பிரதிநிதி, மதியம் சோற்றுப் பார்சல் என்று அமர்க்களமாக இருக்கும். மூன்றாம் மாதம் அதே மண்டபத்தில் வரவுப் பதிவேட்டைப் புரட்டினால் பாதிப் பெயர்களுக்கு நேரே சிவப்புக் கோடு. "இந்தப் பொடியளுக்கு அக்கறை இல்லை" என்று அலுவலகங்களில் பேசிக்கொள்வார்கள்.

இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டுகிற வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. விலகியவர்களின் வீட்டுக்குப் போய்க் கேட்டால் காரணம் பெரும்பாலும் காசுதான், அதுவும் சின்னக் காசு.

மல்லாவிப் பக்கத்துப் பையன் ஒருவன் கிளிநொச்சியில் படிக்கிறான் என்று வையுங்கள். விடியப் புறப்பட்டு, மாங்குளத்தில் இறங்கி, ஏ9 வீதியில் அடுத்த பஸ் பிடிக்க வேண்டும். முதல் பஸ்ஸை விட்டால் அன்றைய வகுப்பு போச்சு. 2022 நெருக்கடியில் ஆகக் குறைந்த பஸ் கட்டணம் சில மாதங்களுக்குள் இரண்டு மடங்குக்கும் மேலே ஏறியது. பிறகு கொஞ்சம் இறங்கினாலும் பழைய இடத்துக்கு வரவில்லை. திட்டத்தில் மாதாந்தக் கொடுப்பனவு இருக்கும்தான். ஆனால் அது வரவைச் சரிபார்த்து, கையொப்பம் வாங்கி, கணக்காளரிடம் போய், வங்கிக்கு வருவதற்குள் அடுத்த மாதம் பாதி கழிந்துவிடும். பஸ் கண்டக்டர் அதுவரை பொறுப்பாரா? வரவு குறைந்தால் கொடுப்பனவும் வெட்டு. காசில்லாமல் வராதவனுக்கு, வராததால் காசில்லை.

வெல்டிங் பாடநெறியிலிருந்து இரண்டாம் மாதமே நின்றுவிட்ட ஒரு தம்பியைத் தேடிப் போனேன். முற்றத்தில் நாலைந்து பெண்கள் நோட்டுப் புத்தகங்களோடு இருந்தார்கள். நுண்நிதிக் கடன் கட்டுகிற நாள். குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும் என்பதால், காசு வந்து சேரும்வரை ஒருவரும் எழும்பவில்லை. தம்பி மேசனுக்குக் கையாளாகப் போயிருந்தான். அன்றைய நாள் சம்பளத்தோடு அவன் வந்த பிறகுதான் தாயின் முகம் தெளிந்தது. "ட்ரெயினிங் நல்லம்தான் சேர், ஆனா கிழமைக் காசை யார் கட்டுறது?" என்றான். நான் கொண்டுபோன படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. "தனிப்பட்ட காரணம்" என்றுதான் போட முடிந்தது.

2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்நிதிக் கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கம் அறிவித்தது. அது பலருக்கு மூச்சுவிட இடம் கொடுத்தது. ஆனால் கடன் வாங்க வைத்த வருமானக் குறை அப்படியே இருந்ததால், வேறு பெயரில் வேறு கடன் வந்தது.

பெண் பிள்ளைகளின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கல். 2009 க்குப் பிறகு வந்த வாழ்வாதார உதவிகளில் தையல் இயந்திரம் எத்தனை! ஒரே ஒழுங்கையில் நாலு வீட்டில் இயந்திரம் இருக்கும், தைக்கக் கொடுக்கிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். துணி, நூல், ஓடர், விற்கிற இடம் இவற்றையெல்லாம் யாரும் திட்டத்தில் எழுதவில்லை. கச்சான் பிடுங்கும் காலம் வந்தால் அந்தப் பிள்ளைகள் தோட்டத்துக்குக் கூலிக்குப் போய்விடுவார்கள். அது குறைச்சலான வேலை என்று நான் சொல்ல வரவில்லை. அன்றன்றைக்குக் காசு கையில் வருகிறது, அவ்வளவுதான்.

நல்லபடியாக நடந்தவையும் உண்டு. அறிவியல் நகரில் ஜேர்மன் அரசின் உதவியோடு கட்டி 2016 இல் திறந்த இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனத்தைச் சொல்வேன். உதவி கட்டடமாகவும் இயந்திரமாகவும் வந்தது, சான்றிதழ் என்.வி.கியூ என்கிற இந்நாட்டுத் தேசிய தொழிற்தகைமை முறையில் கிடைக்கிறது. கொடையாளர் போனாலும் அந்தச் சான்றிதழ் செல்லும். திட்டத்தின் சின்னம் மட்டும் அடித்த அழகான அட்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொழும்பில் எந்த முதலாளியும் அவற்றைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கொடையாளர் போவது கற்பனையும் இல்லை. 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது. ஜூலை முதலாம் திகதியோடு யுஎஸ்எயிட் என்ற அமெரிக்க உதவி நிறுவனம் வெளிநாட்டு உதவித் திட்டங்களை நடத்துவதையே நிறுத்தியது. உலகம் முழுக்க, நடந்துகொண்டிருந்த திட்டங்கள் நடுவழியில் நின்றன.

ஆகவே உதவி கிராமத்திலேயே தங்குகிற மாதிரி வர வேண்டும். நான் பார்த்த ஒரு மாதர் சங்கம் தன் சுழற்சி நிதியிலிருந்து பயிலுநர்களுக்குப் பஸ் காசை முற்பணமாகக் கொடுத்தது. கொடுப்பனவு வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும், வட்டி இல்லை. யார் வகுப்புக்குப் போகிறார்கள், யார் சந்தியில் நிற்கிறார்கள் என்பது அந்த அக்காமாருக்குத் தெரியும். எங்கள் கண்காணிப்பு உத்தியோகத்தரைவிட அவர்கள் கெட்டிக்காரர்கள். அந்தத் தொகை விழாவின் பதாகைச் செலவைவிடப் பெரிதாக இருந்திருக்காது. உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குத் திட்டத்தோடு யாராவது வந்தால், பயணச் செலவு எந்தத் திகதியில் கையில் கிடைக்கும் என்று முதல் கூட்டத்திலேயே கேளுங்கள். படிப்பு முடிந்து முதல் சம்பளம் வரும்வரை என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். பயனாளிகள் பட்டியலை கிராம அலுவலரிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். பழைய பட்டியலே திரும்ப வரும்.

பெற்றோருக்கு ஒரு விடயம். ஓ.எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை இருக்கிற மாதங்கள்தான் பிள்ளைகள் கைநழுவிப் போகிற காலம். பதினாறு வயதில் மேசன் வேலைக்குப் போனவன் திரும்பி வருவது கஷ்டம். இப்போது ஐஸ் போதையும் கிராமத்துக்குள் வந்துவிட்டது. ஓ.எல் சித்தியடையாவிட்டாலும், 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் உள்ள பாடசாலைகளில் தொழிற்பாடங்களோடு தொடர்ந்து படிக்கலாம். என்.வி.கியூ மூன்றாம், நான்காம் மட்டப் பாடநெறிகள் பலவற்றுக்கும் ஓ.எல் சித்தி கட்டாயமில்லை. பிள்ளை துன்புறுத்தலுக்கு ஆளாகிறது என்று சந்தேகம் வந்தால், சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929 க்கு அழையுங்கள்.

ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. பல வருடம் மேசனாகவோ, வயரிங்காரராகவோ, மெக்கானிக்காகவோ வேலை செய்தவர், வகுப்பில் உட்காராமலே, தன் அனுபவத்தை மதிப்பிடச் செய்து என்.வி.கியூ சான்றிதழ் பெறலாம். செய்த வேலைகளின் படங்கள், வேலை கொடுத்தவரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் மாவட்ட அலுவலகத்தில் இதைப் பற்றி விசாரிக்கலாம். போகும்போது பிறப்புச் சான்றிதழையும் கொண்டுபோங்கள். போரில் அது தொலைந்த குடும்பங்கள் இங்கே இன்னும் இருக்கின்றன. அவர்கள் முதலில் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்துக்கொள்வது நல்லது.