பாஸ்தா: சொல்லும் பொருளும்

இத்தாலிய மொழியில் ‘பாஸ்தா’ என்பதன் அடிப்படைப் பொருள் பிசைந்த மாவு என்பதே. அந்த மாவைக் கொண்டு செய்து வேகவைக்கும் உணவுக்கும் அப்பெயரே வழங்குவதை நம் இலக்கணப்படி ஆகுபெயர் எனலாம். பழைய பொருள் இன்னும் வழக்கொழியவில்லை. இத்தாலிய இனிப்புக் கடைகளில் சிறிய கேக் வகைகளையும் இச்சொல்லாலேயே கேட்டு வாங்குகிறார்கள்.

பிற்கால இலத்தீனிலிருந்து வந்த இச்சொல்லின் மூலத்தை, தூவுதல் என்னும் பொருளுள்ள கிரேக்க வினையோடும், வாற்கோதுமைக் கஞ்சியைக் குறித்த கிரேக்கச் சொல்லோடும் தொடர்புபடுத்துவர். ஆங்கிலத்தின் ‘பேஸ்ட்’, ‘பேஸ்ட்ரி’ ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவையாதலால், நாம் பல் துலக்கும் பேஸ்ட்டும் பாஸ்தாவுக்குச் சொல்லளவில் உறவாகிறது.

மார்க்கோ போலோ சீனாவிலிருந்து இவ்வுணவைக் கொண்டுவந்தார் என்ற கதை பரவலாக இருப்பினும், அதை ஏற்பதற்கில்லை. அவர் வெனிசுக்குத் திரும்பியது 1295இல்; அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, 1154இல் முடிந்த தம் நூலில், இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள திராபியா என்ற ஊரில் ‘இத்ரிய்யா’ எனும் மாவுணவு பெருமளவில் செய்யப்பட்டுக் கப்பல்களில் வெளியூர்களுக்கு அனுப்பப்பட்டதை அரபுப் புவியியலாளர் அல் இத்ரீசி எழுதியிருக்கிறார். நெடுந்தொலைவு கெடாமல் சென்றதால் அது உலர்த்தப்பட்ட பண்டமாக இருந்திருக்க வேண்டும்.

வகைகளின் பெயர்கள் பெரும்பாலும் வடிவத்தால் அமைந்தவை: ஸ்பாகெட்டி என்றால் மெல்லிய கயிறுகள், ஃபார்ஃபால்லே என்றால் வண்ணத்துப்பூச்சிகள், பென்னே என்றால் எழுதும் இறகுகள். நம் சேமியா உறைகளில் அச்சிடப்படும் ‘வெர்மிசெல்லி’யும் இத்தாலியச் சொல்லே, சிறு புழுக்கள் என்பது அதன் நேர்ப்பொருள்.

தமிழில் பாஸ்தாவுக்குச் ‘சேவை’ என்று பெயரிட எண்ணுவது எனக்கு உடன்பாடன்று. சேவை பெரும்பாலும் அரிசி மாவில் பிழியப்படுவது. இத்தாலியிலோ உலர் பாஸ்தாவை டியூரம் எனும் கடினக் கோதுமையின் ரவையில்தான் செய்ய வேண்டுமென்று 1967ஆம் ஆண்டுச் சட்டமே வகுத்துள்ளது. மேலும், சேவை இழையாக மட்டுமே இருக்க, பாஸ்தாவோ குழலாகவும் சிப்பியாகவும் தகடாகவும் வருகிறது. ஆகவே சொல்லின் அடிப்படைப் பொருளை விளக்குமிடத்தில் ‘பிசைமாவு’ என்றும், உணவைச் சொல்லுமிடத்தில் ‘பாஸ்தா’ என்றும் எழுதுவதே தகும். ‘பாஸ்டா’ என்றும் சிலர் எழுதுகின்றனர். ஆனால் இத்தாலியர் அவ்வொலியை நாவின் நுனி பல்லைத் தொட ஒலிப்பதால், தகரம் இட்டு எழுதுவதே மூல ஒலிக்கு நெருக்கமானது.