மிங்: சீனர்களின் இயற்பெயர்

ஒருவருக்கு இட்ட பெயரைச் சீன மொழியில் ‘மிங்’ என்பார்கள். எழுத்தைப் பார்த்தால் மேலே அந்திப்பொழுதைக் குறிக்கும் வடிவம், கீழே வாய். கி.பி. 100-ஐ ஒட்டி ஷூ ஷென் தொகுத்த அகராதி இதற்கு ஒரு காரணம் சொல்கிறது: இருட்டிவிட்டால் ஆள் முகம் தெரியாது, ‘நான் இன்னார்’ என்று வாயைத் திறந்து சொன்னால்தான் உண்டு, அதுதான் மிங். சொற்பிறப்பாக இது எவ்வளவு தேறும் என்பது வேறு விஷயம்.

தமிழில் இதற்கு ‘இயற்பெயர்’ சரியாகப் பொருந்தும். தொல்காப்பியத்திலேயே இருக்கிற சொல். குடும்பத்துக்குரிய ‘ஷிங்’கை, அதே பெயரியலில் வரும் ‘குடிப்பெயர்’ என்று சொல்லிவிடலாம். சீனத்தில் குடிப்பெயர் முதலில், இயற்பெயர் பிறகு. 2019 அக்டோபரில் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது நம் செய்திகளில் ‘ஜின்பிங்’ என்றே அடிபட்டது. அது இயற்பெயர். அவர் நாட்டில் செய்தியில் யாரும் அவரை அப்படி வெறும் பெயரால் குறிப்பிட மாட்டார்கள். ‘ஷி’ ரொம்பச் சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

குடிப்பெயர்களில் அதிக வகை கிடையாது. வாங், லீ, ஜாங் ஆகிய மூன்றை மட்டுமே பல கோடிப் பேர் வைத்திருக்கிறார்கள். அதனால் ஆளுக்கு ஆள் வேறுபாடு காட்டும் பாரம் முழுக்க இயற்பெயரின் தலையில் விழுகிறது. இதற்கு ஆயத்தப் பட்டியல் எதுவும் இல்லை. மொழியில் உள்ள எழுத்துகளில் பிடித்த ஒன்றையோ இரண்டையோ பெற்றோர் எடுத்துச் சேர்க்கலாம். ஒலியை மட்டும் கேட்டால் பொருள் பிடிபடாது. பாஸ்கெட்பால் வீரர் யாவ் மிங்கின் ‘மிங்’கும் நாம் பார்க்கும் ‘மிங்’கும் ஒரே ஒலி, ஒரே தொனி. ஆனால் அவர் பெயரில் இருப்பது சூரியனையும் சந்திரனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த எழுத்து, பொருள் ‘ஒளி’. இந்தக் குழப்பத்தால் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும்போதே எழுத்தைப் பிரித்துச் சொல்வார்கள். ‘லீ’ என்றால், மரமும் பிள்ளையும் சேர்ந்த லீ.

எனக்கு மிகவும் பிடித்த சீனப் பெயர் தூ யோயோ. 1930-இல் நிங்போவில் பிறந்தவர். ‘ஷி ஜிங்’ என்னும் பழம்பாடல் தொகுப்பில் மான்கள் ‘யோ யோ’ என்று கத்தியபடி புல்வெளியில் மேயும் பாட்டு ஒன்று உண்டு. அந்த ஒலியையே அப்பா மகளுக்குப் பெயராக வைத்தார். அதே பாட்டில் இன்னொரு இடத்தில் மான்கள் மேய்வது ‘ஹாவ்’ என்ற செடியை. பெண் வளர்ந்து மருந்தாய்வாளர் ஆனார். 1970-களின் தொடக்கத்தில் ‘சிங்ஹாவ்’ செடியிலிருந்து மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினினைப் பிரித்தெடுத்தார். 2015-இல் மருத்துவ நோபல் பரிசு பெற்றார். தற்செயல்தான். ஆனாலும் பெயர்ராசி பார்ப்பவர்கள் கையில் இது கிடைத்தால் விடவே மாட்டார்கள்.

ராசி பார்ப்பது அங்கேயும் உண்டு. குழந்தையின் பிறந்த நேரத்தை வைத்து மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தில் எது குறைகிறது என்று கணிப்பார்கள். குறைவதைப் பெயரில் நிரப்புவார்கள். உலோகம் போதாது என்றால் ‘ஷின்’: பொன்னைக் குறிக்கும் வடிவம் அந்த ஓர் எழுத்துக்குள் மூன்று முறை. மரம் போதாதா, மூன்று மரங்கள் கொண்ட ‘சென்’.

முன்பு படித்த குடும்பத்து ஆண்களுக்கு ஒரு பெயர் போதாது. இருபது வயதில் தலைப்பாகை சூட்டும் சடங்கில் ‘ட்ஸ’ என்ற இரண்டாம் பெயர் கிடைக்கும். அதன்பின் மிங்கைச் சொல்லி அழைப்பது பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் உரிய உரிமை. நண்பர்கள் அழைப்பது ட்ஸவால். தமிழில் இதை ‘மதிப்புப்பெயர்’ என்று சொல்லலாம். கன்பூசியஸின் மிங் ‘சியூ’, அதாவது குன்று. ட்ஸ ‘ஜோங்னி’, அதிலுள்ள ‘ஜோங்’ இரண்டாம் பிள்ளை என்பதைக் காட்டும். அவருக்கு மகன் பிறந்தபோது லூ நாட்டு மன்னர் ஒரு கெண்டை மீனை அனுப்பினாராம். பையன் பெயர் ‘லீ’, கெண்டை என்றே வைத்துவிட்டார்கள். (மரத்துப் பிள்ளை லீ இல்லை, இது வேறு லீ.) இப்போது ட்ஸ சூட்டும் வழக்கம் போய்விட்டது. ஆனால் ‘பெயர்’ என்பதற்கு இன்று புழங்கும் ‘மிங்ட்ஸ’ என்ற சொல்லில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஒரே தலைமுறையில் பிறந்தவர்கள் ஓர் எழுத்தைப் பகிர்ந்துகொள்வதும் உண்டு. சிங்கப்பூரின் லீ குவான் யூவின் மகன்கள் லீ சியன் லூங், லீ சியன் யாங்; ‘சியன்’ பொது. ‘லூங்’ என்றால் டிராகன். மூத்தவர் பிறந்த 1952 டிராகன் ஆண்டு.

காலமும் பெயரில் பதியும். 1949-இல் மக்கள் குடியரசு வந்ததும் ‘ஜியன்குவோ’க்கள் பெருகினார்கள்: நாட்டைக் கட்டு. கொரியப் போர்க் காலத்தில் ‘யுவான்சாவ்’: கொரியாவுக்குத் துணைநில். பெண் பிள்ளைகளுக்கு வைத்த ‘ஜாவ்தி’க்கு மட்டும் எந்தக் காலம் என்று சொல்ல முடியாது. பொருள், ‘தம்பியைக் கூட்டி வா’. இதற்குத் தமிழில் நேர்ச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை, நம் ஊரில் ‘போதும்பொண்ணு’ இருக்கிறாள்.